நோகச் செய்யும் அன்பு



போத்தல் விளக்குச் சரிந்து கை வெந்துபோன ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்துப் புறங்கையில் ஒட்டியிருக்கிறார்கள். முதல் நாட்களில் அத்தோலுக்கு இரத்த ஓட்டம் இல்லை. அடியிலுள்ள புண்ணிலிருந்து ஊறும் நீரே அதற்கு உணவு. அடியில் இரத்தம் கட்டினாலோ, தோல் சற்று நழுவினாலோ, கிருமி தொற்றினாலோ அது பிடிக்காமற் போகலாம். ஆகவே தாதி கையை அசையாதபடி மட்டை வைத்துக் கட்டி, நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைக்கிறார். விரல் நுனிகளின் நிறத்தையும் சூட்டையும் அடிக்கடி பார்க்கிறார். "மிஸி, கொஞ்சம் கையை இறக்கி விடுங்கோ" என்று தாய் கெஞ்சுகிறாள். தாதி இணங்குவதில்லை.

ஏறக்குறைய ஒரு வாரம் கழிகிறது. தோல் பிடித்துவிட்டது. இப்போது அதே தாதி, "விரலை மடக்குங்கோ அம்மா" என்கிறார். மடக்கினால் உயிர் போகிறது. மடக்காவிட்டாலோ தழும்பு இறுகி விரல்கள் விறைத்துவிடும். அருகில் நிற்கும் மகள், "அம்மாவை வதைக்காதையுங்கோ, சோறு நான் தீத்தி விடுறன்" என்று அழுகிறாள்.

இவ்விருவருள் அன்புடையவர் யார்?

மகளின் அன்பு பொய்யன்று. ஆனால் அது இன்றைய நோவைப் பார்க்கிறது. தாதியின் அன்பு நாளைய கையைப் பார்க்கிறது. மற்றவரின் நன்மையை விரும்புவதே அன்பு என்று புனித தோமஸ் அக்குவினாஸ் விளக்கினார். நன்மையும் விருப்பமும் எப்போதும் ஒன்றல்ல. அசையக்கூடாத நாளில் அசைய விரும்புகிறோம். அசைய வேண்டிய நாளில் மறுக்கிறோம்.

ஆயினும் இதைச் சாட்டாக வைத்துக் கடுமைக்கு அன்பென்று பெயரிடலாகாது. மருந்து கட்டுமுன் நோ மாத்திரை கொடுத்து அது வேலை செய்யும்வரை பொறுத்திருப்பவர், செய்யப்போவதை முன்கூட்டியே சொல்பவர், தோல் எடுத்த தொடை கையைவிட அதிகம் நோகலாம் என்பதை மறவாதவர், இத்தகையவருக்கே "மடக்குங்கோ" என்று சொல்லும் உரிமை உண்டு. தவிர்க்கக்கூடிய நோவைத் தவிர்க்காமல் விடுவது கண்டிப்பு அன்று, கொடுமை.

மாற்கு நற்செய்தியின் 3ம் அதிகாரத்தில் சூம்பிய கையுடைய ஒருவனைக் காண்கிறோம். ஆண்டவர் அவன் கையைப் பிடித்து நீட்டிவிட்டதாக அங்கே எழுதப்படவில்லை. நீட்டும்படி அவனிடமே சொன்னார், அவனே நீட்டினான். குணமளிப்பது இறைவனேயாயினும், நோயாளியின் மனமும் அதிற் சேர வேண்டியிருந்தது. பிறர் மனத்தை முறிப்பதன்று, எழுப்புவதே மெய்யான இரக்கம்.

அந்தத் தாய் வீடு திரும்பியபின் தாதியின் பொறுப்பு வீட்டாருடையதாகிறது. தழும்பு முதிர ஓராண்டும் அதற்கு மேலும் செல்லலாம். விரல்களுக்கான பயிற்சியும் பல மாதங்கள் தொடரவேண்டும். வாசகரே, உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், தீத்திவிட எழும் உங்கள் கையைச் சற்று அடக்குங்கள். சோற்றைக் குழைத்துக் கோப்பையில் அவர் முன்னே வையுங்கள். எவ்வளவு நேரம் சென்றாலும் எழுந்து போகாமல் அருகில் இருங்கள்.