பிரசாதமும் பரிசோதனையும்

பழனி மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள பாலசமுத்திரத்தில் பிறந்தவர்களுக்குப் பழனியாண்டவரின் பஞ்சாமிர்தம் நினைவு தெரிந்த நாள் முதலாகப் பழகிய பதார்த்தம். ஆயினும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அதை எவரும் வாயிலிடுவதில்லை. பழம் எந்தத் தோட்டத்தில் விளைந்தது, நெய் எத்தனை நாளையது, பாத்திரத்தைக் கழுவியவர் யார் என்று கேட்பதுமில்லை. சந்தையில் ஒவ்வொரு பண்டத்தையும் முகர்ந்தும் புரட்டியும் பார்த்து வாங்குகிற அதே மனிதர், சந்நிதிக்கு வந்தவுடன் ஆராயும் புத்தியை ஒதுக்கி வைத்துவிடுகிறார். இந்நிலையில், ஆண்டவனுக்கு அபிஷேகமான பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதும், டின்னின்மேல் காலாவதித் தேதியை அச்சிடுவதும் பக்திக்குக் குறைவாகுமோ என்ற ஐயம் சிரத்தையுள்ளவர் சிலருக்கு எழக்கூடும். சுவாமி அங்கீகரித்ததில் தோஷம் ஏது என்ற அவர்களுடைய நினைப்பை அலட்சியம் செய்யலாகாது. பொறுமையுடன் விசாரித்தல் வேண்டும்.

வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பசுநெய், தேன், ஏலக்காய் என்னும் ஐந்துடன் பேரீச்சையும் கற்கண்டும் கூட்டி, ஒரு துளித் தண்ணீரும் விடாமல் செய்வது 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தின் மரபு. தண்ணீர் விடாதது வெறும் சம்பிரதாயமன்று. பழத்திலுள்ள ஈரத்தைச் சர்க்கரையும் தேனும் தம்பால் பிணித்துக்கொள்வதால், கிருமிகள் பெருகுவதற்கு வேண்டிய நீர் அவற்றுக்குக் கிட்டாமற் போகிறது. செயற்கைப் பொருள் எதுவும் சேர்க்காமலே அது பல நாள் கெடாதிருப்பதன் காரணம் இதுவே. ஈரப்பசை குறைந்த விருப்பாட்சி மலைவாழை இதற்கு உகந்ததென மதிக்கப்பட்டு வந்ததும் இந்த நியாயத்துக்கு இசைந்ததே. ஆனால் பாத்திரத்தில் நீர் தங்கிவிட்டாலோ, ஈரக்கை பட்டாலோ, அந்த இடத்தில் புளிப்பு தொடங்கும். இது சுவாமியின் பிரசாதம் என்பதற்காகப் புளிப்பு விலகி நிற்பதில்லை. இயற்கையின் நியமத்தையும் ஈசுவரனுடைய ஆணையாகக் கொள்ளும் ஆஸ்திகன், அந்நியமத்தை மீறிய தன் கவனக்குறைவுக்கு அவனருளையே பரிகாரமாக எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

அக்கவனத்தை எங்கே செலுத்துவது என்பதற்கு, கோயிலுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு துறை நல்ல உதாரணம் தருகிறது. 1960-களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்க முற்பட்ட பில்ஸ்பரி நிறுவனத்தார் ஒரு சங்கடத்தை எதிர்கொண்டார்கள். சோதித்த பொட்டலம் உண்ணக் கிடைக்காது; உண்ணப்போகும் பொட்டலமோ சோதிக்கப்படாதது. முடிந்த பண்டத்தைச் சோதித்தே அதன் தூய்மையை நிச்சயிப்பதென்றால், செய்ததில் பெரும்பகுதி சோதனைக்கே செலவாகிவிடும். ஆகவே, மூலப்பொருள் வந்து சேர்வது முதல் அடைத்து மூடுவது வரையில் தீங்கு புகக்கூடிய கட்டங்களை முன்னதாகவே அறிந்து, அங்கங்கே காவல் வைக்கும் முறையை வகுத்தார்கள். இன்று உலகெங்கும் உணவுத் தொழிற்சாலைகள் கைக்கொள்ளும் தரநிர்வாகத்துக்கு அம்முறை அஸ்திவாரமாயிற்று. பலனைப் பற்றிய கவலையை விடுத்துக் கர்மத்தில் மனத்தை நிறுத்தச் சொல்லும் கீதையின் உபதேசத்துக்கு இது எவ்வளவு அணுக்கமாக இருக்கிறது! முடிவைப் பார்த்துத் திருப்தி அடைவதன்று, நிகழும் செயல் ஒவ்வொன்றையும் பிழையறச் செய்வதே இரண்டுக்கும் பொதுவான நெறி.

பக்தன் ஆராயாமல் உண்கிறான் என்பது ஆராய்ச்சி வேண்டாமென்பதற்கு நியாயமாகாது. ஆராயும் பொறுப்பு முழுவதையும் அவன் செய்பவனிடம் ஒப்படைத்துவிட்டான் என்பதே அதன் பொருள். காவடி சுமந்து பாதயாத்திரையாக வந்து, தைப்பூச நெரிசலில் வரிசையில் நின்று பிரசாதத்தைப் பெறுகிறவன், வீடு சேர்ந்ததும் குழந்தைக்கும் நோயாளிக்கும் முதலில் ஊட்டுகிறான். அந்த நம்பிக்கைக்கு ஈடாகக் கொடுக்கத்தக்கது சிரத்தை ஒன்றே. பழத்தைத் தெரிந்தெடுப்பதும், தேனின் ஈரத்தை அளப்பதும், கை கழுவுவதும், பாத்திரத்தை உலர்த்துவதும், செய்ததைச் செய்தபடி பதிவேட்டில் எழுதுவதும் பூஜைக்குப் புறம்பானவையல்ல. அவையும் அனுஷ்டானத்தின் அங்கங்களே. இந்த அங்கங்கள் குறைந்தால், மேலே எத்தனை மந்திரம் சொன்னாலும் நிவேதனம் நிறைவு பெறாது. ஒருவன் கேள்வி கேளாமல் உண்ணலாம் என்ற நிலை நிலைக்க வேண்டுமானால், அதைச் செய்கிறவன் தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொள்வதை ஒருநாளும் கைவிடலாகாது.