ஒலிபெருக்கிப் பெட்டியும் சற்காரியவாதமும்

ஒலி செய்யப்படுவதா, முன்னரே உள்ளது வெளிப்படுவதா என்னும் வினா இந்தியத் தத்துவ மரபின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். வேதத்தின் அதிகாரம் அதன் விடையைச் சார்ந்து நின்றமையால், மீமாம்சகர், நையாயிகர், பௌத்தர், சைவ சித்தாந்திகள் ஆகிய அனைவரும் அதில் தத்தம் நிலையை வரையறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வாதங்களில் குடமும் குயவனும் எடுத்துக்காட்டாக அடிக்கடி வருவர். இக்காலத்தில் அதே வினாவை ஆராய்வதற்குக் குடத்தைக் காட்டிலும் பொருத்தமான ஒரு கைவினைப்பொருள் உண்டு. அது, 'கிட்' எனப்படும் பொருத்துத் தொகுதியாகக் கூறுகளை வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய, புத்தகத் தட்டில் வைக்கத்தக்க சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியாகும்.

இவ்வாராய்ச்சியை இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டப்புறத்தில், அதாவது இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வைத்து நிகழ்த்துவதற்குக் காரணம் உண்டு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை, இரத்தினத் தீவத்துச் சமந்த மலையின் உச்சியில் புத்தரின் அடிச்சுவடு உள்ளதெனக் கூறுகிறது. பௌத்தர் ஸ்ரீ பாத என்றும் சைவர் சிவனொளிபாதமலை என்றும் வணங்கும் மலை அதுவே என்று கொள்ளப்படுகிறது. அதே காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை நூலைக் கற்பிக்கும்போது எடுத்தாளும் முதன்மையான எடுத்துக்காட்டு, சத்தம் அநித்தியமானது, ஏனெனில் அது பண்ணப்படுவது, குடத்தைப் போல என்பதாகும். இன்று அம்மலையின் அடிவாரத்து விகாரைகளிலிருந்து பிரித் என்னும் பௌத்த ஓதலும், அவற்றுக்கு அயலிலுள்ள தோட்டத்து மாரியம்மன் கோவில்களிலிருந்து பாடகி எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்களும் ஒலிபெருக்கி வழியாகவே எழுகின்றன. ஒலியின் இயல்பைப் பற்றிய தமிழ்ப் பௌத்தரின் வாதமும் சைவரின் மறுப்பும் ஏட்டில் மட்டும் எதிர்ப்பட்டவை. இவ்விடத்திலோ அவ்விரு சமயத்தாரின் ஒலிகளும் ஒரே காற்றில் கலக்கின்றன.

பெட்டியின் அமைப்பை முதலில் விளக்க வேண்டும். 1925ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லொக் என்னும் இரு அமெரிக்கப் பொறியியலாளர் விவரித்த அமைப்பே இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளுக்கு அடிப்படை. நிலைக்காந்தத்தின் இடைவெளியில் தொங்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனுடன் ஒட்டிய கடதாசிக் கூம்போ நெகிழிக் கூம்போ காற்றைத் தள்ளி இழுக்கிறது. சிறிய பெட்டியில் பொதுவாக இத்தகைய இயக்கிகள் இரண்டு இருக்கும். ஏறக்குறைய ஐந்து அங்குல விட்டமுடையது தாழ்ந்த ஒலிகளையும், ஓரங்குலக் குவிமாட வடிவுடையது உயர்ந்த ஒலிகளையும் எழுப்பும். இவற்றுக்கிடையே ஒலியைப் பங்கிடுவது பகிர்மானச் சுற்று: அதிலுள்ள கம்பிச்சுருள் உயர்ந்த அதிர்வெண்களைத் தடுத்துத் தாழ்ந்தவற்றைப் பெரிய இயக்கிக்கு விடும், கொள்ளளவி என்னும் உறுப்பு தாழ்ந்தவற்றைத் தடுத்து உயர்ந்தவற்றைச் சிறியதற்கு விடும். தொகுதியில் இவ்வுறுப்புகளும், சில வேளை அறுத்த பலகைகளும் வரும். பலகைகளைப் பசையிட்டு இறுக்குதல், உள்ளே கம்பளியோ பொலியெஸ்டர்ப் பஞ்சோ இடுதல், பற்றாசு வைத்துக் கம்பிகளை இணைத்தல் ஆகியவை செய்பவரின் வேலைகள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில், அழுத்திய மரநார்ப் பலகையின் வெட்டு விளிம்புகளை அரக்குப் பூசி மூடாவிட்டால் அது ஈரம் குடித்து ஊதிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, பெட்டி எதற்கு? இயக்கியைப் பெட்டியின்றி மேசைமீது வைத்து இசைக்கச் செய்தால் தாழ்ந்த ஒலி ஏறத்தாழக் கேட்பதில்லை. கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது, பின்பக்கக் காற்று விரிகிறது. நீண்ட அலைகள் கூம்பின் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பெட்டி செய்வதெல்லாம் பின்னலை முன்னலையைச் சென்று சேராமல் தடுப்பதே. ஆகவே மூடிய பெட்டியைப் பொறுத்தவரை, அது ஒலியைச் சேர்ப்பதில்லை, ஒலிக்கு இருந்த தடையை நீக்குகிறது என்று மீமாம்சகர் மகிழ்ந்து கூறலாம். அவர் கொள்கைப்படி எழுத்தொலி நித்தியமானது. நாவும் காற்றும் அதனை மறைத்துள்ள திரையை விலக்குவன மட்டுமே. ஆனால் பௌத்தர் உடனே கூம்பைச் சுட்டிக்காட்டுவார்: நொடிக்கு நூறுமுறை அசையும் கூம்பு நூறு அழுத்த அலைகளைப் புதிதாகப் பிறப்பிக்கிறது, ஒவ்வொன்றும் பிறந்த கணத்திலேயே கடந்து போகிறது, கூம்பு நின்றால் ஒலியும் இல்லை. இரண்டு கூற்றுகளும் ஒரே பெட்டியைப் பற்றிய உண்மைகளாக இருத்தலே இங்குக் கவனத்திற்குரியது.

சைவ சித்தாந்தம் இவ்விரண்டுக்கும் இடையே சமரசம் பேசவில்லை, வேறொரு நிலையைக் கொண்டது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்திலும், அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலும் நிறுவிய சற்காரியவாதம், காரியமானது தோன்றுமுன்னரே தன் காரணத்தில் நுண்ணிலையில் உள்ளது என்னும் கொள்கையாகும். இதன்படி செவியில் கேட்கும் வைகரி வாக்கு, அதற்குப் பின்னே நினைவளவில் நிற்கும் மத்திமை, அதற்கும் பின்னே எழுத்துகள் பிரிந்து தோன்றாத பைசந்தி, அனைத்துக்கும் வேரான சூக்குமை ஆகிய நான்கும் சுத்தமாயையாகிய விந்துவிலிருந்து விரிகின்றன. அவ்விந்து நித்தியமானது, ஆயினும் அறிவற்ற சடப்பொருள். ஒலியின் வடிவம் அழியும், அதன் முதற்காரணம் அழியாது. சத்தமே பிரமம் என்ற சத்தப்பிரமவாதியை அருணந்தியார் தம் நூலின் பிறமத மறுப்புப் பகுதியான பரபக்கத்தில் மறுப்பதும் இதனாலேயே: ஒலி எவ்வளவு நுண்ணியதாயினும் பொருளே, இறைவன் அல்லன்.

முதற்காரணத்தோடு துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்றாக வகுப்பது சித்தாந்த வழக்கு. குடத்துக்கு மண் முதல், திரிகையும் கோலும் துணை, குயவன் நிமித்தம். வீட்டில் செய்யும் பெட்டியில் நிமித்த காரணம் யார் என்னும் கேள்வி எளிதன்று. ஓர் இயக்கிக்கு எத்தனை லீற்றர் கொள்ளளவு பொருந்தும் என்பதைக் கணிக்கும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்மோல் 1970களில் அதனை விரித்தார். தொகுதியை வடிவமைப்பவர் இக்கணக்குகளின்படி அளவுகளை முன்னரே முடிவு செய்துவிடுகிறார்; பசையிட்டு ஒட்டுபவர் ஐந்து லீற்றரை ஏழாக்க முயன்றால் ஒலி கெடும். எனில் செய்பவர் வெறும் கருவியா? தமிழிலக்கணம் இதற்கு ஏற்கெனவே இடம் வகுத்துள்ளது. அரசன் கோயில் கட்டினான் என்பதில் அரசன் ஏவுதற் கருத்தா, தச்சன் கட்டினான் என்பதில் தச்சன் இயற்றுதற் கருத்தா, இரண்டும் கருத்தாவே. மூட்டில் மயிரிழை இடைவெளி விடாமல் பசையை ஓடவிடுவதும், இரண்டு இயக்கிகளின் நேர், எதிர் முனைகளை மாற்றாமல் பொருத்துவதும் இயற்றுதற் கருத்தாவின் அறிவினால் ஆவன. முனை மாறினால் இரண்டும் சந்திக்கும் அதிர்வெண்ணில் ஒலி பள்ளமாகிவிடும், வரைபடம் எவ்வளவு சிறந்ததாயினும் அதற்கு உதவாது. தொகுதியை வாங்கிச் செய்வது உண்மையான செய்தல் அன்று என்னும் இழிவுக்கூற்று இக்காரணத்தால் தவறானது.

முதற்காரணத்தின் பக்கம் திரும்பினால் கேகாலையின் மண் நேரே முன் வருகிறது. கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் நெகிழ் வளையம் பல இயக்கிகளில் இறப்பரால் ஆனது, அது இயற்கை இறப்பராகவும் செயற்கை இறப்பராகவும் இருக்கும். பால் வற்றியபின் வெட்டப்படும் இறப்பர் மரம் மரநார்ப் பலகைக்கு நல்ல மூலப்பொருள். 1876இல் விதையாகக் கடல் கடந்து கம்பகாவின் ஹெனரத்கொட பூங்காவில் நாற்றாக வேரூன்றிய அம்மரத்தில், யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் விடியுமுன் பால் வெட்டப் போகும் தொழிலாளர், அந்த இறப்பர் எங்கே என்ன ஒலியாகிறது என்பதை அறிய வாய்ப்பற்றவராகவே இருந்தனர். காரியம் காரணத்தில் உண்டென்றால், அக்காரணத்தை ஆக்கிய கையும் கணக்கில் வர வேண்டும்.

இவ்விடத்தில் தப்பு என்னும் தோற்கருவியைப் பற்றிப் பேசாமல் செல்லுதல் நேர்மையாகாது. ஒலிபெருக்கி வருவதற்கு முன் தோட்டத்தின் ஒலிக்கருவி அதுவே. தொழிலாளரைப் பெரட்டு என்னும் காலை வேலைக் கூட்டத்துக்கு எழுப்பவும், காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் ஊரைக் கூட்டவும், சாவை அறிவிக்கவும் அது முழங்கியது. மரவளையத்தில் தோலை இழுத்து ஒட்டி, ஈரத்தில் தளரும் தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றி, அதன் நாதத்தைச் செவியாலேயே சரிபார்த்தவர்கள், ஒலியின் மூன்று காரணங்களையும் கையால் அறிந்தவர்கள். ஆயினும் அவர்களின் முழக்கத்தால் தொடங்கிய திருவிழாவில், சாதியின் பெயரால் அவர்களே கோவிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நாதத்தின் முதற்காரணம் சுத்தமாயை என்று கற்பித்த ஒரு சமயம், அந்நாதத்தைத் தோலிலிருந்து எழுப்பியவரை அசுத்தர் என்றது அதன் சொந்தக் கொள்கைக்கே முரணானது. முழக்கம் கருவறை வரை சென்று சேர்வதை எவரும் தடுக்கவில்லை, முழக்கியவரின் கால் மட்டுமே தடுக்கப்பட்டது. கோவில்களுக்குக் குழாய் வடிவ ஒலிபெருக்கி வந்தபோது இம்முரண் தீர்க்கப்படவில்லை. ஒலியிலிருந்து மனிதர் அகற்றப்பட்டனர், அவ்வளவே. வீட்டில் ஒருவர் தம் கையால் ஒலிப்பெட்டி செய்வதன் மதிப்பு ஓரளவு இதிலும் உள்ளது, ஏனெனில் அது ஒலிக்கு மீண்டும் ஒரு செய்வோரைத் தருகிறது, அச்செய்கையில் எந்தச் சாதியின் முத்திரையும் இல்லை.

சிறந்த பெட்டி தன் சொந்த ஒலியைச் சிறிதும் சேர்க்காமல் முற்றிலும் மறைந்துவிட வேண்டும் என்பது பொதுவான கருத்து. இது கேட்பதற்கு அத்துவிதம் போல ஒலித்தாலும், பெட்டியின் இயற்கை அவ்வாறு இடம் தருவதில்லை. சுவருள்ள எதுவும் அதிரும். 1970களின் நடுப்பகுதியில் பிபிசி தன் வெளிக்கள ஒலிபரப்பு வாகனங்களுக்காக உருவாக்கிய எல்எஸ் 3/5ஏ என்னும் ஏறக்குறைய ஐந்து லீற்றர்ப் பெட்டி, இன்றும் ஆர்வலரால் தொகுதியாகச் செய்யப்படுவது, இதனை நன்கு உணர்த்தும். அதன் சுவர்கள் 12 மில்லிமீற்றர்ப் பேர்ச் மர ஒட்டுப்பலகை. சுவரைத் தடிப்பாக்கி அதிர்வை ஒழிக்க முயன்றால், அது மனிதக் குரலின் பரப்புக்குள் ஏறிச் செவியை உறுத்தும். ஆகவே அங்கிருந்த பொறியியலாளர் மெல்லிய பலகையின் உட்புறத்தில் தார்த்தன்மையுள்ள தகடுகளை ஒட்டி, அதிர்வைச் செவி பொருட்படுத்தாத தாழ்ந்த பகுதிக்கு இறக்கி, அங்கேயே வலுவிழக்கச் செய்தனர். அதிர்வு இருக்கிறது, அதன் மறைக்கும் வலிமை இல்லை. சித்தாந்தம் ஆணவ மலத்தைப் பற்றிக் கூறுவதும் இதுவே. ஆணவம் உயிரின் அறிவை மறைத்து நிற்கும் அநாதியான மலம். முத்தியிலும் அப்பொருள் அழிவதில்லை, அதன் சத்தியே கெடுகிறது. உண்மை விளக்கம் என்னும் சித்தாந்த நூல் முத்தியிலும் இறை, உயிர், மலம் என்னும் மூன்று முதல்களும் உண்டென்று உரைப்பது இக்கருத்தினாலாம். ஒரு பெட்டியைச் செய்து, விரற்கணுவால் தட்டி, பலகையின் தனிக்குரல் எங்கே எழுகிறதெனக் கேட்டு, அதனை அடக்கக் கற்றவருக்கு இக்கோட்பாடு ஏட்டுச்சொல்லாக மட்டும் இராது.

எங்கே கேட்பது என்பதும் ஒலியின் அறமே. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்தில் ஒரு காம்பரா, அதாவது அறை, பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அத்தகைய அறையின் நீளமும் அகலமும் ஏறக்குறைய 47, 56 ஹேர்ட்ஸில் தமக்கே உரிய அதிர்வுகளை உடையவை. பெரிய பெட்டி அவற்றைக் கிளப்பி அறை முழுவதையும் உறுமச் செய்யும், தாழ்ந்த அலை பொதுச்சுவரைக் கடந்து அடுத்த காம்பராவில் தூங்கும் குழந்தையையும் எழுப்பும். அந்த ஆழத்துக்கு இறங்காத சிறிய பெட்டி அங்கே குறையாவதில்லை, பொருத்தமாகிறது. இலங்கையின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில், வெலிகமப் பள்ளிவாசலொன்று தொடர்பான வழக்கில், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று பொதுவாகப் பணித்தபோது, வழிபாட்டுச் சுதந்திரம் பிறரின் செவிமீது உரிமை கொள்வதாகாது என்னும் எல்லையே வரையறுக்கப்பட்டது. சைவ மரபு இதனை எதிர்க்கக் காரணமில்லை. செபத்தை வாய்விட்டு உரைத்தல், உதடளவில் உரைத்தல், மனத்தால் உரைத்தல் என மூன்றாக வகுத்து, இறுதியதையே மேலானதாக அது கொண்டுள்ளது.

எனில், பெட்டியிலிருந்து எழும் தேவாரம் தேவாரமா? தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவார்களின் பதிவுகளில் வைகரி மட்டுமே சேமிக்கப்பட்டுள்ளது. பாடியவரின் மத்திமையோ பைசந்தியோ நாடாவில் இல்லை. கேட்பவரின் உள்ளத்தில் சொல் பொருளாக விரியும்போது அவை அங்கே, விந்துவின் தொழிலாக மீண்டும் எழுகின்றன. தீக்கையில் வழங்கப்படும் மந்திரத்துக்குப் பதிவு ஒருபோதும் ஈடாகாது, அங்கே நிமித்தம் குரு, அவருடைய இடத்தைக் காந்தமும் சுருளும் ஏற்க முடியாது. ஆனால் சித்தாந்தம் ஞானத்துக்கு வகுத்த படிகள் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் நான்கு. ஓதுவார் ஒருவரும் பணியில் இல்லாத தோட்டத்துக் கோவிலின் அருகே வளரும் சிறுவனுக்குப் பண்ணோடு கூடிய திருமுறை, குழாய் வடிவ ஒலிபெருக்கியின் சிதைந்த அலறலாகவே இதுகாறும் எட்டியது. உயிரெழுத்தின் நீட்டமும் மெய்யின் முடிவும் கமகத்தின் வளைவும் குலையாமல் ஒலிக்கும் பெட்டி ஒன்று லயத்துக் காம்பராவில் இருக்குமானால், நான்கனுள் முதலாவது அவனுக்கு அங்கேயே வாய்க்கிறது. எஞ்சிய மூன்றும் அவனும் அவனுக்குக் கற்பிப்போரும் செய்ய வேண்டியவை.