பாட்டி: பாரமா, பாக்கியமா?



காந்திபுரத்தில் பஸ் ஏறிப் பேரூரைத் தாண்டிச் சிறுவாணிச் சாலையில் போகிறவர்கள் வழியில் பூலுவப்பட்டி என்னும் ஊரைக் காண்பார்கள். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அதற்குள் கால் வைத்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. 1983-ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து, ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் கரையேறிய ஜனங்கள், பல அலைகளாகத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். 2021-இல் அரசாங்கம் கணக்குச் சொன்னபோது, நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தார்கள். அவ்வாண்டிலேதான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் நீங்கி, 'மறுவாழ்வு முகாம்' என்ற பெயர் வந்தது. பெயர் மாறியது நல்லதே. ஆனால் பெயரோடு மாறாத சில கேள்விகள் உண்டு. அவற்றுள் ஒன்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

முகாம்களில் வெகுகாலம் இருந்த வீடுகள் பத்தடிக்குப் பத்தடி அறைகள். அப்படி ஒரு வீட்டை மனக்கண்ணால் பாருங்கள். தகப்பன் விடியுமுன்பே பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போய்விட்டான். தாயோ தோட்ட வேலைக்கோ, மில் வேலைக்கோ போகிறவள். வீட்டில் மூன்று பிள்ளைகள், கைக்குழந்தை ஒன்று. மூலையில் பாயை விரித்து ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். நாம் ஆத்தா என்றும் அம்மாயி என்றும் சொல்வதை அவர்கள் அப்பம்மா என்றும் அம்மம்மா என்றும் சொல்வார்கள். சொல் வேறு, ஆள் ஒருத்திதான்.

இந்த வீட்டைப் பார்த்து ஒருவர் சொல்கிறார்: "அந்தக் கிழவி இல்லாவிட்டால் பிள்ளைகள் காலை நீட்டிப் படுக்குமே! ஒரு வாய் சோறு மிச்சமாகுமே!" இன்னொருவர் சொல்கிறார்: "கிழவி இல்லாவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது?" இருவரும் பிள்ளையின் நலத்தைக் கருதியே பேசுகிறார்கள். எவர் சொல்வது சரி? வீட்டில் பாட்டியோ பாட்டனோ இருப்பது, எல்லாவற்றையும் இழந்து வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்குச் சுகத்தைத் தருமா, சுகத்தைக் குறைக்குமா?

முதலில் பாக்கியம் என்பவரின் கட்சியைக் கேட்போம். கோயில்களில் ஞானஸ்நானம், கலியாணம், மரணம் ஆகியவற்றைப் பதியும் தடித்த புத்தகங்கள் உண்டல்லவா? பின்லாந்து தேசத்தில் அத்தகைய பழைய கோயில் பதிவேடுகளைச் சில விஞ்ஞானிகள் புரட்டிப் பார்த்தார்கள். கானடா தேசத்துப் பழைய பதிவுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் ஐம்பது வயதுக்குமேல் உயிரோடிருந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும், அவளுக்குப் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் அதிகமாக இருந்தார்கள் என்று 2004-இல் அவர்கள் எழுதினார்கள். ஆப்பிரிக்காவிலே காம்பியா நாட்டுக் கிராமங்களில் நடந்த ஆராய்ச்சி 2000-இல் வெளிவந்தது. அங்கே தாயைப் பெற்ற பாட்டி உயிரோடிருந்த குழந்தைகள் நல்ல வளர்த்தியாக இருந்தன. பால் மறக்கும் பருவத்தில் சாவுக்குத் தப்பியவையும் அவற்றில் அதிகம்.

இதில் அதிசயம் என்ன? ஆறு மாதத்துக்குமேல் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு மற்ற உணவும் வேண்டும். அதன் வயிறு சிறியது. ஒரே தடவையில் நிறையத் தின்னாது. பிசைந்து, ஆற்றி, காக்கையைக் காட்டி, ஒருநாளில் பல தடவை ஊட்டவேண்டும். வேலைக்குப் போகும் தாய்க்கு அன்பு குறைவில்லை, நேரந்தான் இல்லை. அந்த நேரத்தை வைத்திருப்பவள் பாட்டி. குழந்தையின் முகம் வாடியதை முதலில் காண்பவளும் அவளே.

பணக் கணக்குப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகாம் மக்களுக்குத் தரும் மாத உதவித்தொகையை 2021-இல் உயர்த்தியபோது, குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 500 ரூபாய் என்று வைத்தார்கள். பாட்டியின் பங்கில் இரண்டு பிள்ளைகளின் பங்கு அடங்கியிருக்கிறது. அவள் முந்தானையில் முடிந்து வைப்பது யாருக்காக என்பது நமக்குத் தெரியாததா?

பயம் என்ற நோயும் ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டன் மாநகரத்தின்மேல் குண்டு விழுந்தபோது, குழந்தைகள் பலரைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பத்திரமான ஊர்களுக்கு அனுப்பினார்கள். அந்நகரில் குழந்தைகள் விடுதி நடத்திய ஆன்னா பிராய்டு அம்மையார் அவர்களைக் கூர்ந்து கவனித்தார். அவரும் 1938-இல் வியன்னாவை விட்டு ஓடிவந்த அகதியே. குண்டுச் சத்தத்தைக் கேட்டும் தாயின் அருகில் இருந்த குழந்தையைவிட, பத்திரமான இடத்தில் தனியே விடப்பட்ட குழந்தையே அதிகம் வாடியது என்று அவர் கண்டார். தாய் பகலெல்லாம் வெளியே இருக்கும் வீட்டில், அருகில் அசையாமல் இருக்கும் அந்தப் பெரியவர் யார் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

நிற்க. இனி, மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். உண்மையைப் பாதி சொல்வது நமக்குத் தகாது.

பாட்டியின் கையால் வரும் கேடும் உண்டு. பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பதென்று சர்க்கரைத் தண்ணீரை நாவில் தடவுகிறாள். நோயைத் தடுக்கும் சக்தி நிறைந்த சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்கிறாள். சோறு தின்னாத பிள்ளைக்குத் தொக்கம் எடுக்கிறேன் என்று அலைந்து, டாக்டரிடம் போகவேண்டிய நாளைத் தவறவிடுகிறாள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால், "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று தண்ணீரை நிறுத்திவிடுகிறாள். குழந்தை வறண்டு போகிறது. இவை இலங்கைப் பாட்டிகளின் குற்றம் என்று எண்ணவேண்டாம். இவற்றில் எது நம் கொங்கு நாட்டு வீடுகளில் நடக்கவில்லை?

அகதிப் பாட்டிக்கு மற்றோர் இடைஞ்சலும் உண்டு. அவளுடைய அறிவெல்லாம் ஒரு மண்ணிலே வேர்விட்டது. எந்த மீன் பிள்ளை பெற்றவளுக்கு ஆகும், ஒடியல் மாவில் கூழ் எப்படிக் காய்ச்சுவது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்லது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் பூலுவப்பட்டியில் கடல் இல்லை. அந்தக் கிணறு இல்லை. இங்கே விளைவது வேறு. தன் ஊரில் நாலு பேர் வந்து யோசனை கேட்ட கிழவி, இங்கே ஒன்றும் தெரியாதவளாக மூலையில் உட்காருகிறாள். மருமகளோ நர்ஸ் அம்மாள் சொன்னதைக் கேட்டு வருகிறாள். ஒரு குழந்தையின் தலைமாட்டில் இரண்டு சட்டங்கள் மோதுகின்றன.

அறையும் சிறியது. கிழவன் இரவெல்லாம் இருமினால் அருகில் படுத்த பேரன் அதே காற்றைத்தான் சுவாசிக்கவேண்டும். அது காசநோயானால் பிள்ளைக்கும் தொற்றும். அவர் பிடிக்கும் பீடிப்புகையும் அவன் நெஞ்சுக்குள்தான் போகிறது.

அப்படியானால் பாரம் என்று சொன்னவர் ஜெயித்துவிட்டாரா? தீர்ப்புச் சொல்லுமுன் இன்னொரு முகாமுக்குப் போய் வருவோம். 1971-ஆம் ஆண்டு, கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள் நம் தேசத்துக்குள் ஓடிவந்தார்கள். எல்லையோரத்து வங்காள ஊராகிய பன்கானில் காலரா பரவிற்று. ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு ஆகியவற்றைச் சுத்தமான தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். அதைக் குவளையில் பிடித்து நோயாளிக்குப் புகட்டியவர் யார்? டாக்டர்கள் அல்ல, அந்த நோயாளியின் வீட்டாரே. நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது.

வாசகரே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். வயிற்றுப்போக்கில் தண்ணீரை நிறுத்தியதும் வீட்டாரின் கைதான். தண்ணீரைப் புகட்டிப் பிழைக்க வைத்ததும் வீட்டாரின் கைதான். கை மாறவில்லை; கைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் மாறியது. ஆகவே கிழவி இருக்கலாமா, வேண்டாமா என்பது கேள்வியே அல்ல. அவளுக்கு யாராவது பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்களா என்பதே கேள்வி.

இங்கே ஒரு மனச்சாட்சிக் குழப்பம் எழலாம். "பிதாவையும் மாதாவையும் சங்கித்திரு என்பது நான்காம் கற்பனை அல்லவா? மாமியார் சொல்லை மறுத்தால் பாவமாகாதா?" என்று ஒரு மருமகள் கேட்கலாம். சங்கிப்பது வேறு; தவறென்று தெரிந்ததற்குத் தலையாட்டுவது வேறு. குழந்தையின் உயிர் தராசின் ஒரு தட்டில் இருக்கும்போது, மறு தட்டில் யாருடைய கோபதாபத்தையும் வைக்கலாகாது. ஆனால் மறுக்கும் விதம் ஒன்று உண்டு. "உங்களுக்கு என்ன தெரியும்?" என்றால் கிழவியின் வாயும் மூடும், கையும் மடங்கும், நஷ்டம் குழந்தைக்கே. "அம்மா, நர்ஸ் வந்திருக்கிறார், நீங்களும் பக்கத்தில் இருந்து கேளுங்கள், பகலில் பிள்ளை உங்கள் கையில்தானே" என்றால், அவளே நாளைக்குப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக்கொடுப்பாள்.

சில காரியங்கள் இன்றே செய்யக்கூடியவை. இரண்டு வாரத்துக்குமேல் இருமுகிற முதியவரின் சளியைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். அரசாங்க மருத்துவமனையில் காசநோய்க்கு மருந்து இலவசம். கண்ணில் புரை விழுந்த பாட்டியை அழைத்துப்போய்க் காட்டுங்கள்; பார்வை மங்கியவள் குழந்தையின் மேலுள்ள கொப்புளத்தை எப்படிக் காண்பாள்? கடைசியில் மிஞ்சியதைத் தின்கிற கிழவிக்கு முதலில் ஒரு பிடி வையுங்கள். அவளுடைய பலமே பேரனின் பலம்.

ஆனால் இவ்வளவும் சொன்னபின் ஒரு முள் உறுத்துகிறது. பயன்படுவதால் பாட்டி பாக்கியம் என்றோம். நாளை அவள் படுக்கையில் விழுந்து, ஊட்டிய கைக்கே யாராவது ஊட்டவேண்டியதானால்? அப்போது அவள் பாரமாகிவிடுவாளா? எங்கள் பதில் இது. முகாமில் வளரும் பிள்ளை, தன் குடும்பத்தை ஒரு நாடு தள்ளிவிட்டது என்று கேட்டே வளர்கிறது. இன்னொரு நாட்டில் இன்னும் முழு உரிமை கிடைக்கவில்லை என்பதைத் தன் கண்ணாலேயே காண்கிறது. அந்தப் பிள்ளையின் மனத்தில் ஓயாத கேள்வி ஒன்றுதான்: "என்னையும் ஒருநாள் விட்டுவிடுவார்களோ?" தகப்பன் படுத்த படுக்கையான தன் தாயின் வாயில் கஞ்சி ஊற்றுவதைக் காணும்போது, அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. 'இந்த வீட்டில் யாரையும் விடமாட்டார்கள்' என்று அது அறிந்துகொள்கிறது. இந்த நிம்மதியைத் தருவதற்குக் கிழவி எழுந்து நடக்கவேண்டியதில்லை, பேசவும் வேண்டியதில்லை. அங்கே இருந்தால் போதும்.

கடைசியாக நம்மைப் பற்றியும் பேசவேண்டும். முகாமில் பத்தடி அறையில் பாட்டிக்கு இடம் இருக்கிறது. காந்திபுரத்தில் மூன்று அறை வீட்டில் இருக்கிறதா? 2021 முதல் திருச்சபையில் ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறு, பாட்டன் பாட்டிமாருக்கும் முதியோருக்கும் உரிய நாளாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்நாளில் மாலையும் சால்வையும் போடுவோம், நல்லது. அதற்குமுன் ஒரு ஞாயிறு மாலையில் சிறுவாணிச் சாலை பஸ்ஸில் ஏறிப் பூலுவப்பட்டியில் இறங்கி, அங்கே ஒரு கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பல வருஷங்களாக அவளை யாரும் கேட்காத கேள்வியாக அது இருக்கலாம். அவள் சொல்லி முடிப்பதற்குள், நம் வீட்டுப் பாட்டியிடம் நாம் எதைக் கேட்க மறந்தோம் என்பதும் நினைவுக்கு வந்துவிடும்.