தேய்வும் எல்லையும்

'ஹை-ஃபை' என்ற சொல்லை நாம் எல்லோரும் எப்போதாவது சொல்லியிருப்போம். நல்ல சத்தம் வருகிற பெட்டி, அவ்வளவுதான் நமக்கு அதன் பொருள். அந்த 'ஃபை' ஃபிடெலிட்டியின் சுருக்கம். அதாவது விசுவாசம். மணவாழ்க்கையில் எதிர்பார்க்கிறோமே, அதே விசுவாசம்தான். ஒரு ஸ்பீக்கர் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று கேட்டால் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் தயங்காமல் சொல்வார்கள்: மூல ஒலிக்கு. சரி, பழுதான ஸ்பீக்கரைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் வசிக்கிறேன். வார நாட்களில் வேறு வேலை. வார இறுதிகளில் பழைய எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர்களைச் சரிசெய்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை இங்கிருந்து அதிக தூரமில்லாத ஹன்டிங்டன் என்ற சிற்றூரில் செய்யப்பட்டவை. பீட்டர் வாக்கர் 1936-ல் தொடங்கிய நிறுவனம் போர்க்காலத்தில் லண்டனிலிருந்து அந்த ஊருக்கு இடம்பெயர்ந்தது. பின்னாளில் குவாட் என்ற பெயரில் உலகம் அறிந்தது. 1957-ல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் ஏறத்தாழ முப்பது வருடங்கள் தயாரிப்பில் இருந்தது. முதல்முறை பார்ப்பவர்கள் அதை ரூம் ஹீட்டர் என்றுதான் நினைப்பார்கள். வளைந்த உலோக வலை, சின்ன மரக்கால்கள், உள்ளே பெட்டி என்று எதுவும் கிடையாது.

சாதாரண ஸ்பீக்கரில் ஒரு கூம்பு, அதன் பின்னால் கம்பிச்சுருள், காந்தம். இதில் அவை இல்லை. துளையிட்ட இரண்டு தகடுகள், நடுவே தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். படலத்துக்கு நிலையான மின்னூட்டம் கொடுக்கப்படுகிறது. தாழ்ந்த ஒலிகளுக்கான இரண்டு பேனல்களில் ஏறத்தாழ 6000 வோல்ட், நடுவில் இருக்கும் உயர் ஒலிப் பேனலில் 1500 வோல்ட். பாட்டின் சமிக்ஞை ஒரு ட்ரான்ஸ்பார்மர் வழியாகப் பெரிதாகித் தகடுகளுக்குப் போகிறது. ஒரு தகடு இழுக்கும்போது இன்னொன்று தள்ளும். படலத்துக்கு எடை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாததால் சொன்னதும் அசையும், நிறுத்தச் சொன்னதும் நிற்கும். மனிதக் குரலை இதில் ஒருமுறை கேட்டவர்களுக்கு அதன்பிறகு மற்ற ஸ்பீக்கர்கள் அட்டைப்பெட்டிக்குள் இருந்து பேசுவது போலத் தோன்றும்.

குறைகளும் உண்டு. அடிவயிறு அதிரும் பாஸ் இதில் வராது. சத்தமாக வைக்க முடியாது. சரியான இடத்தில் ஒரே ஆள்தான் உட்கார முடியும், பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பாதிதான். இந்தக் குறைகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி அவற்றைச் சுற்றித்தான் வரப்போகிறது.

இந்த ஸ்பீக்கர் ஒரே நாளில் சாவதில்லை. மின்னூட்டம் உள்ள எதுவும் தூசியை இழுக்கும். அதைத் தடுக்க இரண்டு பக்கமும் மெல்லிய உறை இருக்கிறது. அது எங்காவது கிழிந்தால் தூசி உள்ளே போகும், மின்சாரம் கசியும், ஈரப்பதமான நாட்களில் சீறும் சத்தம் கேட்கும். படலத்தின் மேல் பூசிய பூச்சு வருடங்களில் தேயும். உயர் மின்னழுத்தம் தரும் டயோடுகளும் கெப்பாசிட்டர்களும் கிழடாகும். முன்பு போட்டவுடன் பாடியது இப்போது சில மணி நேரம் கழித்துத்தான் குரல் திறக்கும். இதெல்லாம் பத்து, இருபது வருடங்களில் நடப்பதால் வீட்டுக்காரர் கவனிப்பதே இல்லை. தினமும் பார்க்கிற அம்மாவின் வயதை நாம் கவனிக்காமல் இருப்பது போல. ஊரிலிருந்து வருகிற யாரோ சொல்லித்தான் திடுக்கிடுவோம்.

இப்போது அது என் மேசைக்கு வருகிறது. என்ன செய்வது? இந்தக் கேள்வி ஸ்பீக்கரைவிடப் பழையது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா தன் பழைய தேவாலயங்களையும் கோட்டைகளையும் என்ன செய்வது என்று சண்டை போட்டது. ஜான் ரஸ்கின் 1849-ல் எழுதிய 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' நூலில் புதுப்பித்தல் என்பதே பொய் என்றார். இறந்தவரை எழுப்ப முடியாது, அந்தக் கைகளின் வேலையைத் திரும்பச் செய்ய முடியாது. காலாகாலத்தில் பராமரியுங்கள், முடிவு வரும்போது அதைக் கௌரவமாகப் போகவிடுங்கள் என்பது அவர் கட்சி. பிரான்சில் வியோலே-ல்-துக் அதற்கு நேர் எதிர். ஒரு கட்டடத்தைப் புதுப்பிப்பதென்றால் அதை முழுமையாக்குவது, எந்தக் காலத்திலும் அப்படியொரு முழுமையில் அது இருந்திராவிட்டாலும்கூட, என்று அவர் வாதிட்டார்.

என் சின்ன உலகத்திலும் இந்த இரண்டு கட்சிகளும் இருக்கின்றன. ஒரு கூட்டம் தொழிற்சாலை போட்ட ஆணியைக்கூடத் தொடாதே என்கிறது. இன்னொரு கூட்டம் எல்லாவற்றையும் கழற்றிப்போட்டு, புதுப் படலம், புது மின்வழங்கி, உறுதியான சட்டம் என்று போட்டு, பழையதைவிடச் சத்தமாகப் பாடவைப்போம் என்கிறது.

ரஸ்கினை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவரை அப்படியே இங்கே கொண்டுவர முடியவில்லை. இடிந்த கோட்டைக்கு ஒரு அழகு உண்டு, போய் நின்று பார்க்கலாம், புல் முளைத்த சுவர் நம்மோடு எதையோ பேசும். ஊமையான ஸ்பீக்கர் எதையும் பேசாது. பாடுவதற்காகச் செய்த பொருளை, அதன் மேல் உள்ள மரியாதையாலேயே பாடவிடாமல் வைத்திருப்பது என்ன மரியாதை? அதே சமயம் அந்த இரண்டாவது கூட்டத்தோடும் எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் ஒத்துவரவில்லை என்று யோசித்தபோது பதில் கிடைத்தது ஸ்பீக்கரில் இல்லை, அதற்கு ஆம்ப்ளிஃபையர் தேடும் வேலையில்தான்.

இந்த ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபையர் அமைவது கிட்டத்தட்ட வரன் தேடுவது மாதிரி. முதல் சிக்கல், மின் எதிர்ப்பு. ஏட்டில் 16 ஓம் என்று இருக்கும். உண்மையில் தாழ்ந்த ஒலிகளில் அது 30 ஓமைத் தாண்டும், உச்ச ஒலிகளில் 2 ஓமுக்கும் கீழே இறங்கும். ஆம்ப்ளிஃபையரின் கண்ணுக்கு இது ஒரு பெரிய கெப்பாசிட்டர். சில நவீன ஆம்ப்ளிஃபையர்கள் இதைப் பார்த்ததும் நிலைதடுமாறி, நம் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானே அலற ஆரம்பித்துவிடும். இரண்டாவது சிக்கல்தான் முக்கியம். உயர் ஒலிப் பேனல் தாங்கக்கூடியது உள்ளீட்டில் உச்சமாக 33 வோல்ட். அதைத் தாண்டினால் படலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பொறி பறக்கும். பொறி படலத்தில் ஊசித்துளை போடும், தகட்டில் கரிக்கோடு இழுக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அடுத்த பொறிக்கு அவ்வளவு வேகம்கூடத் தேவையில்லை.

1953-ல் வந்த குவாட் II வால்வு ஆம்ப்ளிஃபையரின் சக்தி 15 வாட். 1967-ல் வந்த ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரான 303-க்கு 45 வாட். கணக்குப் போட்டால் 8 ஓமில் உச்ச அழுத்தம் 27 வோல்ட் அளவில் வரும். அதன் மின்வழங்கி 67 வோல்ட்தான். வெளியீடு அதில் பாதியை, அதாவது ஏறக்குறைய அந்த 33-ஐ, தாண்ட வழியே இல்லை. அடுத்து 1975-ல் வந்த 405-க்கு 100 வாட். அது 40 வோல்ட் வரை போகும். அதே கம்பெனியின் ஆம்ப்ளிஃபையர், அதே கம்பெனியின் ஸ்பீக்கரைக் கொல்லக்கூடியது! அதனால் அதற்குக் கடிவாளம் போட்டுத்தான் பழைய ஸ்பீக்கரோடு இணைக்க வேண்டியிருந்தது.

என்னிடம் வருகிற இளைஞர்கள் பலர் கேட்பது இதுதான்: "இந்த 33-ஐ ஏத்த முடியாதா?" நியாயமான கேள்வி. பொருட்களை மாற்றி, இடைவெளியைக் கூட்டி, ஏதாவது செய்து கொஞ்சம் ஏற்றலாம்தான். ஆனால் இடைவெளியைக் கூட்டினால் படலத்தின் மேல் தகடுகளின் பிடி தளரும். தகடு மிக அருகில் இருந்ததால்தான் அந்தக் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. மிக அருகில் இருந்ததால்தான் அது பொறிக்கும் பயந்தது. எந்த இடைவெளி அதன் பலமோ அதே இடைவெளிதான் அதன் பலவீனம். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை வெட்டியெறிய முடியாது.

இங்கேதான் எனக்கு ஒரு வேறுபாடு புரிந்தது. தேய்வு வேறு, எல்லை வேறு. பூச்சு போனது தேய்வு. உறை கிழிந்தது தேய்வு. டயோடு செத்தது தேய்வு. இவை காலம் எடுத்துக்கொண்டவை. இவற்றைத் திருப்பிக் கொடுப்பது பழுதுபார்ப்பவனின் கடமை, இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஆனால் 33 வோல்ட் காலம் செய்த சேதமில்லை. பிறந்த அன்றே இருந்தது. அதைச் செய்தவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்ட விலை. அதைக் 'குணப்படுத்த' நினைப்பவர் ஸ்பீக்கரை நேசிக்கவில்லை, அந்த இடத்தில் இருந்திருக்கக்கூடிய வேறொரு ஸ்பீக்கரை நேசிக்கிறார்.

மனிதர்களிடம் நாம் செய்வதும் இதுதான் இல்லையா? அப்பாவின் கண்புரையை அறுவை சிகிச்சை செய்து எடுக்கலாம், எடுக்க வேண்டும். அவர் அதிகம் பேசாதவர் என்பதையும் ஒரு நோய் மாதிரி பாவித்து, "கொஞ்சம் கலகலன்னு இருங்களேம்ப்பா" என்று வருடக்கணக்கில் நச்சரிப்பது வேறு. முதலாவது பராமரிப்பு. இரண்டாவது, நமக்கு வேண்டிய வேறு ஒரு அப்பாவை இவருக்குள் தேடுவது.

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும், வரவேண்டும். எல்லைகளை எல்லாம் மதித்துக்கொண்டிருந்தால் எதுதான் முன்னேறும்? ஹன்டிங்டன்காரர்களே 1981-ல் புதிய மாடலைக் கொண்டுவந்தார்களே? ஆமாம். 1963-லேயே வேலையைத் தொடங்கி, ஒலி நடுவிலிருந்து வளையம் வளையமாகத் தாமதமாகி விரியும்படி அதை வடிவமைத்தார்கள். பொறியை முன்கூட்டியே தடுக்கும் பாதுகாப்புச் சுற்றும் அதற்குள்ளேயே இருந்தது. ஆனால் கவனியுங்கள், அவர்கள் பழைய ஸ்பீக்கரை மாற்றவில்லை, புதிதாக ஒன்றைச் செய்தார்கள். பழையது அதன்பிறகும் சில வருடங்கள் தயாரிப்பில் இருந்தது. இன்னும் சத்தம் வேண்டும் என்று நினைத்த சிலர் இரண்டு ஜோடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்திக் கேட்டார்கள். எனக்குப் பிடித்த தீர்வு அது. எந்த ஒன்றிடமும் அதனால் முடியாததைக் கேட்கவில்லை. ஆள்பலத்தைக் கூட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தேய்வைச் சரிசெய், எல்லையை மதி. இதைச் சூத்திரமாக எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம் என்று இருந்தபோது ஒரு பெரியவரின் ஜோடி வந்தது. எண்பது வயதைத் தாண்டியவர். முப்பது வருடங்களுக்கு மேலாக அவரும் மனைவியும் மாலைகளில் சேர்ந்து கேட்ட ஸ்பீக்கர்கள். மனைவி போன வருடம் இறந்துவிட்டார். அளந்து பார்த்தேன். இடது பக்கம் நன்றாகவே மங்கியிருந்தது, உயர் ஒலிப் பேனல் பாதி உயிரில் இருந்தது. புதுப் பேனல் போட்டால் இரண்டும் சமமாகும், பாடகர் மறுபடி நடுவில் வந்து நிற்பார் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார், அவர் மனைவி எப்போதும் இடது பக்க நாற்காலியில்தான் உட்காருவார், பாட்டுக்காரர் கொஞ்சம் வலது பக்கமாக, தன் பக்கமாக நிற்பதாகத்தான் தனக்குப் பழக்கம் என்று. "நெருப்புப் பிடிக்காம இருந்தா போதும். சத்தத்தை விட்டுடு" என்பதுதான் அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம்.

என் சூத்திரத்தின்படி அது தேய்வு. சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தேய்வுக்குள் ஒரு வாழ்க்கை குடியேறியிருந்தது. தேய்வு எது, எல்லை எது என்பது பொருளைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பொருளோடு வாழ்ந்தவரைக் கேட்காமல் அது தெரியாது. மின்கம்பியை மாற்றினேன், மின் இணைப்புகளைப் பாதுகாப்பாக்கினேன், தூசி உறையைப் புதிதாக இழுத்துக் கட்டினேன். இடது பேனலைத் தொடவில்லை. எந்த அளவில் எவ்வளவு மங்கியிருக்கிறது, எதை மாற்றினேன், எதை வேண்டுமென்றே விட்டேன் என்று ஒரு தாளில் தேதியோடு எழுதிப் பின்மூடிக்குள் வைத்தேன். நாளை அது யார் கைக்குப் போகிறதோ அவர் வேறு முடிவு எடுக்கலாம். அவருக்கு அந்த வாய்ப்பை மூடிவிட எனக்கு உரிமை இல்லை.

அருங்காட்சியகங்களில் பழம்பொருட்களைப் பராமரிப்பவர்களுக்கு இது தெரிந்த ஒழுக்கம்தான். செய்ததைப் பதிவுசெய், முடிந்தவரை திரும்ப எடுக்கக்கூடியதாகச் செய், உன் கைவேலையை மூலம் என்று நம்பவைக்காதே. 1964-ன் வெனிஸ் சாசனமும் புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்கிறது. நான் கழற்றுகிற ஒவ்வொரு பழைய பாகத்தையும் ஒரு டப்பாவில் போட்டு உரிமையாளரிடமே கொடுத்துவிடுகிறேன். பலர் அதைக் குப்பையில் போடுவார்கள் என்று தெரியும். அது அவர்கள் முடிவு.

அந்தத் தொடக்கக் கேள்விக்கு இப்போது எனக்குக் கிடைத்திருக்கும் பதில் இவ்வளவுதான். மூல ஒலிக்கு விசுவாசமாக இருப்பது ஸ்பீக்கரின் வேலை. என் விசுவாசம், அதைச் செய்தவர்கள் அதில் வைத்த எல்லைக்கும் அதோடு வாழ்கிறவர் சொல்லுக்கும். இந்த இரண்டும் மோதினால்? "நூறு வாட்ல போட்டு ஒரு கை பாத்துடலாம்" என்று உரிமையாளரே சொன்னால்? பொருள் அவருடையது, மறுப்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்று சிலர் சொல்வார்கள். நான் ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு பாதுகாப்பு போர்டைப் பொருத்தித் தருகிறேன். 33-ஐ நெருங்கும்போது அது சமிக்ஞையைத் தடுத்து நிறுத்திவிடும். அது என்ன என்று சொல்லித்தான் கொடுப்பேன். எப்படிக் கழற்றுவது என்பதையும் சொல்லிக்கொடுப்பேன். இதுவரை ஒருவரும் கழற்றியதாகச் சொல்லவில்லை.