உயிலுக்குப் பதில் சொல்ல முடியாது

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் தெளிந்த மனநிலையில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பதிவு கட்டாயமில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

இந்தச் சாதாரணத் தாளுக்கு இருக்கும் அதிகாரம் சாதாரணமானதல்ல. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, அப்பா தன் சுயசம்பாத்தியத்தையும் பூர்வீகத்தில் தனக்குள்ள பங்கையும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். மகளுக்கென்று இவ்வளவாவது விட்டுவைக்க வேண்டும் என்று அதில் இல்லை. “உனக்குத்தான் கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சே” என்ற வீட்டுப் பேச்சு உயிலில் ஏறினால் தீர்ப்பாகிவிடுகிறது.

அதற்காக உயிலே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? உயில் இல்லாத இடத்தில் சட்டம் தலையை எண்ணிப் பங்கு பிரிக்கும். பத்து வருஷம் அம்மாவுக்குக் கஞ்சி ஊத்தினவளும் பொங்கலுக்கு மட்டும் வந்து போனவனும் அதற்கு ஒன்றுதான். இஸ்லாமியச் சட்டம் இடைவழி ஒன்றைக் காட்டுகிறது: கடனும் அடக்கச் செலவும் போக, மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயில் எழுதலாம், மிச்சம் வாரிசுகளுக்கு.

ஆனால் எவ்வளவு எழுதலாம் என்பதைவிட, நேரில் சொல்ல முடியாததை எழுதிவைக்கலாமா என்பதே எனக்குப் பெரிய கேள்வி. உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தவர், மறுநாள் காலையில் கிடைக்காதவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். உயில் எழுதியவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவர் போன பிறகு “ஏன்ப்பா?” என்று கேட்க ஆளில்லை.

சொல்லிவிட்டால் அப்புறம் யார் சோறு போடுவார்கள் என்ற வயோதிகரின் பயம் நியாயமானது. அந்த ரகசியம்தான் பலருக்குக் கடைசிப் பிடிமானம். எனவே எல்லாவற்றையும் உரக்கப் படித்துவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன். காரணத்தையாவது எழுதிவைக்கலாம். கையெழுத்தைப் பார்த்த சாட்சிகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. விடுபட்ட பிள்ளைக்கோ, ஏன் என்று தெரிந்தே ஆக வேண்டும். எழுத உட்கார்ந்தால் சில காரணங்கள் எழுத வராது. அப்போது பங்கைத்தான் திருத்த வேண்டியிருக்கும்.