தாமரைக் குளமும் மூடிய நூலும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசல் குன்றில், ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை. பாறையில் வெட்டிய காலடிக் குழிகளில் கால் பதித்து அங்கே செல்ல வேண்டும். சமணத் துறவியர் தவமியற்றிய 17 கற்படுக்கைகள் அங்கே இருக்கின்றன. தலையணையும் கல்லாலானதே. அவற்றுள் ஒன்றின் அருகே வெட்டப்பட்டுள்ள தமிழ் பிராமி எழுத்துகள் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தியவை என்று அறிஞர் கருதுகின்றனர். மற்றொன்று, குன்றின் வேறொரு பக்கத்தில் அமைந்த அறிவர் கோயில் என்னும் குடைவரை. அதன் மண்டபத்து விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. இலையும் மொட்டும் மலருமாய் நீர் நிறைந்து கிடக்க, மீன்கள் துள்ளுகின்றன, பறவைகள் நீந்துகின்றன, யானைகளும் எருதுகளும் இறங்கி நிற்கின்றன, மூவர் மலர் கொய்கின்றனர். போதாக்குறைக்கு, முகப்புத் தூண்களில் ஆடல் மகளிர் வேறு!

கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் இக்கோயிலைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. குகைக்கும் ஓவியத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உண்டு என்பது மெய்தான். ஆயினும் நெறி ஒன்றே. உடலின் சுகங்கள் அனைத்தையும் துறந்த ஒரு நெறியினர், தங்கள் வழிபாட்டிடத்தின் உச்சியில் இத்துணைக் களிப்பை ஏன் தீட்டி வைத்தனர்? அறவோனின் உரை கேட்கச் செல்லும் நல்லுயிர்கள், வழியில் தங்கி மலர் பறித்து மகிழும் நீர்நிலையே அது என்று சமண நூல்வழி நின்று விளக்கம் தருவர். அறத்துக்குப் போகும் பாதையில் ஒரு குளம் இருக்கிறது. அதில் இறங்கி மகிழ்வது பாதை தவறுவது ஆகாது. இவ்விளக்கத்தையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஏனெனில், நூல் வாசிப்பைப் பற்றி நம்மவரிடையே நிலவும் ஒரு மனக்கூச்சத்தை இதைக்கொண்டு ஆராயலாம் என்று தோன்றுகிறது.

அந்தக் கூச்சம் இதுதான்: பயனுக்காக வாசிப்பது கடமை, இன்பத்துக்காக வாசிப்பது காலத்தை வீணாக்குவது. மாணவர் தேர்வுக்கு வாசிக்கின்றனர். அரசுப் பணி நாடுவோர் போட்டித் தேர்வுக்கு வாசிக்கின்றனர். ஆசிரியர் பாடத்துக்கும், அருள்பணியாளர் மறையுரைக்கும் வாசிக்கின்றனர். பதினான்கு வயதில் மண்ணெண்ணெய் விளக்கடியிலோ மாமரத்தடியிலோ கதைநூலொன்றில் மூழ்கிக் கிடந்தவர்கள், நாற்பது வயதில், "படிக்க எங்கே நேரம்?" என்கின்றனர். உண்மையில் அவர்கள் நாள்முழுதும் படித்துக்கொண்டுதான் இருக்கின்றனர். கைப்பேசியில் ஓடும் துணுக்குகளைக் கூட்டினால் வாரத்துக்கு ஒரு நூலின் அளவு தேறக்கூடும். இழந்தது எழுத்தை அன்று. ஒரு குரலோடு தங்கியிருக்கும் பழக்கத்தை. மீண்டும் நூலை எடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே மனம் வெளியேறிவிடுகிறது. அதைக் கண்டு வெட்கி நூலை மூடிவிடுகிறோம். கூடவே, 'இந்நேரத்தில் உருப்படியாக வேறேதும் செய்திருக்கலாமே' என்று உள்ளிருந்து ஒரு குரல் நியாயமும் சொல்லித் தருகிறது.

நம் திருச்சபை மரபிலும் அக்குரல் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. புனித அகுஸ்தினார், சிறுவயதில் காவிய நாயகி தீதோவின் சாவுக்காகக் கண்ணீர் விட்டதைத் தம் 'ஒப்புதல்' நூலில் நினைத்து நொந்துகொள்கிறார். தன் ஆன்மா மடிவதற்கு அழாதவன் கதையில் ஒருத்தி மடிவதற்கு அழுதேனே என்பது அவர் வருத்தம். இவ்வளவு பெரியவரோடு முரண்படத் தயக்கமாக இருக்கிறது. ஆயினும் கேட்கத் தோன்றுகிறது: தீதோவுக்காக அழக் கற்ற உள்ளம் அல்லவா பின்னர்த் தனக்காகவும் அழ வல்லதாயிற்று? மிலான் நகரத் தோட்டத்தில், நூலை எடுத்து வாசிக்கும்படி ஒரு பிள்ளைக் குரல் கேட்டபோது அவர் கை நூலை நோக்கி உடனே நீண்டதற்கு, அத்தனை ஆண்டு வாசிப்புப் பழக்கமும் ஒரு காரணமன்றோ!

புனித தோமா அக்குவினா சற்றே இளக்கம் காட்டுகிறார். எப்போதும் நாணேற்றியபடியே இருக்கும் வில் முறிந்துவிடும் என்னும் பழங்கதையை எடுத்துக்காட்டி, மனத்துக்கும் விளையாட்டும் இளைப்பாறலும் வேண்டும் என்று நிறுவுகிறார். நகையும் களிப்பும் அறவே இல்லாமை ஒரு குறை என்றும் சொல்லத் தயங்கவில்லை. நல்லது. ஆனால் இவ்விடை நமக்குப் போதவில்லை. நாணைத் தளர்த்துவது மறுபடியும் ஏற்றுவதற்காகத்தான். அப்படியானால் இன்ப வாசிப்பு நாளைய உழைப்புக்கு எண்ணெய் போடும் வேலை என்று ஆகிவிடுகிறது. மீண்டும் பயன்தான் எசமானன். வெறும் இளைப்பாறல்தான் தேவையென்றால் உறக்கம் போதுமே, நூல் எதற்கு?

இதைவிட ஆழமான விடை ஒரு போர்வீரரின் நோய்ப் படுக்கையில் கிடைக்கிறது. 1521ஆம் ஆண்டு பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்த லொயோலா இஞ்ஞாசியார், வீடு சேர்ந்து படுத்திருந்தபோது, பொழுதுபோக வீரசாகசக் கதைகள் வேண்டுமென்று கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை பற்றிய நூலும் புனிதர் வரலாற்று நூலுமே கிடைத்தன. வேறு வழியின்றி அவற்றை வாசித்தார். பின் ஒன்றைக் கவனித்தார். உயர்குலப் பெண்ணொருத்திக்காகச் செய்யவிருந்த சாகசங்களைக் கற்பனை செய்யும்போதும் இன்பம். புனிதரைப்போல் வெறுங்காலுடன் எருசலேமுக்குச் செல்வதாக எண்ணும்போதும் இன்பம். ஆனால் முதலாவது நீங்கியபின் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது நீங்கிய பின்னும் மகிழ்ச்சி தங்கியது. ஆவிகளைத் தேர்ந்து தெளியும் பயிற்சி என்று இன்று தியான இல்லங்களில் கற்பிக்கப்படுவது இங்கேதான் வித்தூன்றியது. அவர் இன்பத்தை அஞ்சி ஒதுக்கியிருந்தால் இந்த வேறுபாட்டைக் கண்டிருக்கவே முடியாது. எந்த இன்பம் தங்குகிறது, எது வறட்டிவிட்டுப் போகிறது என்பதை அனுபவித்துப் பார்த்தவர்தாம் அறிவர். கைப்பேசியோடு இரண்டு மணி நேரம் இருந்தபின்னும், நல்ல கதையொன்றில் இரண்டு மணி நேரம் இருந்தபின்னும் நம் மனம் எப்படி இருக்கிறது என்று ஒரே வாரத்தில் சோதித்துவிடலாம். இதற்கு ஆன்ம குரு வேண்டியதில்லை.

இஞ்ஞாசியார் கையில் கிடைத்த புனிதர் வரலாற்று நூலின் இனத்தைச் சேர்ந்ததே, 1586இல் அண்டிரிக்கு அடிகளார் தமிழில் அச்சிட்ட 'அடியார் வரலாறு'. முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்த அடிகளார், செபத்தையும் மறைக்கல்வியையும் தந்ததோடு நில்லாமல் கதைகளையும் தந்தார். 'சதுரகராதி' தொகுத்து, 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர், மூடக் குருவையும் அவருடைய ஐந்து சீடரையும் வைத்து 'பரமார்த்த குரு கதை' எழுதினார். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துச் சோதிக்கும் சீடனைக் கண்டு நகையாதார் யார்? குருக்களைப் பகடி செய்யும் கதையை ஒரு குருவே எழுதினார் என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழின் முதல் நாவலாகப் போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் கத்தோலிக்கரே. நீதிமன்ற அலுவல்களுக்கிடையே வாசகரைச் சிரிக்க வைப்பதைத் தம் தகுதிக்குக் குறைவென அவர் எண்ணவில்லை. இத்தகைய முன்னோரைப் பெற்ற நாம், கதைநூல் வாசிப்பதற்குக் கூச்சப்படுவது விந்தையே.

சித்தன்னவாசலைச் சுற்றியுள்ள ஊர்களின் அண்மைக்கால வரலாறும் இதையொட்டி ஒன்று சொல்கிறது. 1991-92 ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றதாக இதழாளர் சாய்நாத் எழுதியுள்ளார். கல்லுடைப்போரும் கூலிவேலை செய்வோரும் அவர்களுள் இருந்தனர். மிதிவண்டியால் பயன்கள் பல விளைந்தன. ஆயினும் காற்று முகத்திலடிக்கத் தன் கால்வலியால் தானே செல்லும் களிப்பு, கணக்கில் வராத முதற்பயன் அன்றோ! மிதிவண்டியை மறந்தவர் இரார். ஆனால் எழுத்து? கையெழுத்திடவும் பேருந்தின் பெயர் பார்க்கவும் மட்டுமே உதவும் எழுத்து துருப்பிடித்துவிடுகிறது. கதைக்கும் பாட்டுக்கும் போய்ச் சேர்ந்த எழுத்துதான் கையில் தங்குகிறது. இது புதிதாகக் கற்றோருக்கு மட்டுமன்று, பட்டம் பெற்ற நமக்கும் பொருந்தும். அதே மாவட்டத்தில், திருக்கோகர்ணத்தில், பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் தங்கள் சொந்த முயற்சியால் 'ஞானாலயா' என்னும் மாபெரும் நூலகத்தை உருவாக்கினர். அத்தனை ஆண்டுகள் பழம்பதிப்புகளைத் தேடித் திரட்டுவது கடமையுணர்வால் மட்டும் ஆகக்கூடிய செயலென்று நமக்குத் தோன்றவில்லை.

வாசிப்பவரெல்லாம் நல்லவராவர் என்று நாம் வாதிடவில்லை. நூல்களில் ஊறியும் வீட்டுப் பணியாளரிடம் இரக்கமற்றவராய் இருப்போரை நாம் அறிவோம். எனினும் ஒன்று உறுதி: பிறர் குரலோடு அரைமணி நேரம் அசையாமல் இருக்க இயலாதவர், துயருற்று வந்தவர் தம் கதையைச் சுற்றிவளைத்துச் சொல்லும்போதும் கடிகாரத்தைப் பார்ப்பார், செபத்திலும் அப்படியே.

பழக்கத்தை மீட்க விழைவோர் அறிவர் கோயிலுக்குள் நுழைந்தவரைப்போல நடந்துகொள்வது நன்று. வெளிவெயிலிலிருந்து உள்ளே வந்தவுடன் மேலே பார்த்தால் மங்கிய பச்சையும் கறையுமே தெரியும். பலர் அத்தோடு திரும்பிவிடுகின்றனர். கழுத்து வலித்தாலும் சற்று நின்றால், முதலில் ஓரிலை, அடுத்து ஒரு மீன், பிறகு மலர் கொய்பவரின் வளைந்த கை என்று ஒவ்வொன்றாய்த் தெளியும். நூலின் முதல் இருபது பக்கங்களும் அந்த இருட்டுதான். அதற்காகப் பெரிய காவியத்தில் தொடங்க வேண்டியதில்லை. பதினான்கு வயதில் மகிழ்வித்த அதே நூலில் தொடங்கலாம். இருட்டுப் பழகிய பின்னும் பிடிக்காத நூலை நடுவில் விட்டுவிடுவது பாவமன்று. வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும் வழக்கம் இரவுச் செபத்துக்குப் பின் கால்மணி நேரம் இருக்கட்டுமே.

நம் பங்குகள் பலவற்றில் நூலக அலமாரி ஒன்று உண்டு. மறைக்கல்வி ஏடுகளுக்கும் பழைய மலர்களுக்கும் பக்கத்தில் பரமார்த்த குருவுக்கும் பிரதாப முதலியாருக்கும் இடம் தரலாம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு மணி நேரம் திறந்து வைக்கலாம். அலமாரியின் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும்.