ஆடு தொடாத செடி

திருவிடந்தை தாண்டினால், கிழக்குக் கடற்கரைச் சாலையின் தார் விளிம்புக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே மணலும் ஜல்லியுமாய்க் கொஞ்சம் இடம் கிடக்கும். அங்கேதான் நித்தியகல்யாணி. யாரும் நட்டதில்லை, தண்ணீர் விட்டதில்லை. ஒரு பக்கம் உப்புக் காற்று, மறுபக்கம் பேருந்துப் புழுதி. இலை மட்டும் எண்ணெய் தடவினாற்போல் மினுங்குகிறது. சித்திரை வெயிலிலும் பூ.

*

குனிந்து பார்க்கிறேன். ஐந்து இதழ்; ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் லேசாக ஏறி, எல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்திருக்கின்றன. நடுவில் அடர்சிவப்புப் பொட்டு, அதில் குண்டூசி முனையளவு ஓட்டை. தேன் இருப்பது ஓர் அங்குலக் குழலின் அடியில். வண்ணத்துப்பூச்சிக்குத்தான் எட்டும். பூச்சி வராவிட்டாலும் சில செடிகள் தாமாகவே காய்த்துவிடும். ஒற்றைச் செடி கும்பலாவது அப்படித்தான்.

*

இந்தக் கரைக்குச் சொந்தக்காரி அடம்பங்கொடி. நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது; 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய், அழகுச் செடியாக வெப்ப நாடெங்கும் பரவியது. மாமல்லபுரத்தில் பாறை குடைந்த சிற்பிகள் அடம்பைப் பார்த்திருப்பார்கள்; இதைப் பார்த்திருக்க வழியில்லை.

அடம்பு கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைக்கும். மணல்மேட்டைச் சமன்செய்து சுவர் எழுப்பிவிட்டால் அதற்குப் போக்கிடமில்லை. இதுவோ உடைந்த சிமெண்டிலும் பிழைக்கிறது. வந்தேறி என்று கரித்துக்கொட்ட எனக்கு மனம் வரவில்லை. இடத்தைக் காலிசெய்து கொடுத்தது நாம்.

*

பட்டிப்புலம் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன், "இதை ஆடு தின்னாதாம்மா?"

"மோந்து பாக்கும், வாய் வைக்காது. சுடுகாட்டு மல்லிப்பா அது. ஒரே கசப்பு."

மற்றதெல்லாம் மொட்டையாக மேயப்பட்டுக் கிடக்க, இது மட்டும் நிமிர்ந்து நிற்பதற்கு அவ்வளவுதான் காரணம்.

*

ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதைச் சோதித்தபோது சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் இறங்கின. அப்படிக் கிடைத்தது வின்பிளாஸ்டின். அடுத்து இதே இலையிலிருந்து வின்கிரிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தவிர்க்க முடியாத மருந்து. இலையில் இருப்பதோ துளியிலும் துளி: ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் அரை டன் காய்ந்த இலை வேண்டும். தென்மாவட்டங்களில் இதற்காகவே மானாவாரியில் பயிரிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டில் சொன்னார்களென்று சர்க்கரைக்கு இந்தப் பூவை மென்று தின்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம். ஆட்டுக்கு இருக்கும் ஜாக்கிரதைகூட இல்லை.

*

காய் இரட்டை இரட்டையாக வருகிறது, மெலிந்து, விரல்கணு நீளத்தில். காய்ந்ததும் ஒரு பக்கமாக வெடிக்கும். உள்ளே கடுகளவு கறுப்பு விதைகள். எறும்பு இழுத்துப் போகும், மழைநீர் அடித்துப் போகும், சாலை வேலைக்கு மண் அள்ளும் லாரியும் கொண்டுபோகும். சதுரங்கப்பட்டினம் பக்கம் புதிதாய்க் கொட்டிய மண்மேட்டில் வெள்ளையும் ரோஜா நிறமுமாக முளைத்துவிட்டன.

சாலை நடுத்திட்டில் நட்டு வளர்க்கும் அரளியும் இதே குடும்பந்தான். அதையும் ஆடு தொடாது. அதற்கு மட்டும் தண்ணீர் லாரி வருகிறது.